எச்சூக்கா: கடலில்லாத துறைமுகமும் மறே ஆற்றின் இரு கரைகளும்
(வாசகர் கேள்வி – பதில்)

அவுஸ்திரேலியாவிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோரிடமிருந்து அண்மைக் காலமாகப் பயணம் பற்றிய கடிதங்கள் அதிகம் வருகின்றன. மெல்பேர்ன் நகருக்கு வடக்கே, மறே ஆற்றின் கரையிலுள்ள எச்சூக்கா என்ற பழைய துறைமுக ஊரைப் பற்றி ஒரே சமயத்தில் பலர் கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதியை முழுவதுமாக அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மெல்பேர்னிலுள்ள மகளிடம் சென்று சில மாதங்கள் தங்கவிருக்கிறேன். கடற்கரைகளையும் கடைத்தொகுதிகளையும் விடப் பழைய இடங்களைப் பார்ப்பதில்தான் எனக்கு விருப்பம். மருமகன் எச்சூக்காவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். ஆனால், கடலே இல்லாத ஓர் ஊரைத் துறைமுகம் என்கிறார்களே, அது எப்படி? இரண்டு நாட்களை அங்கே செலவிடலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகச் செலவிடலாம். கடலில்லாத ஊர் துறைமுகமானது எப்படி என்பதை அறிந்துகொண்டு போனால், அங்கே நீங்கள் காணும் ஒவ்வொரு மரத்தூணுக்கும் பொருள் இருக்கும்.

மறே ஆறு ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் நீளமானது. மேர்ரம்பிட்ஜி, டார்லிங் ஆகிய பெரிய ஆறுகள் அதனுடன் கலக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஆறுகளின் கரையோரங்களில் பரந்த செம்மறியாட்டுப் பண்ணைகள் உருவாகின. அவற்றில் வெட்டப்பட்ட கம்பளியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆயின. 1853 இல் வில்லியம் ரண்டெல், பிரான்சிஸ் கடெல் என்ற இருவர், ஒருவரையொருவர் முந்த முயன்றபடி, தத்தம் நீராவிக் கப்பல்களை மறே ஆற்றில் மேல்நோக்கிச் செலுத்திக் காட்டினார்கள். இருபக்கமும் துடுப்புச் சக்கரம் பொருத்திய, ஆழமில்லாத நீரிலும் மிதக்கக்கூடிய அந்தக் கப்பல்களால் ஆறு ஒரு பெருந்தெருவாக மாறியது.

ஆனால் ஆறு மட்டும் எச்சூக்காவைப் பெரிய துறைமுகமாக்கியிருக்காது. மறே ஆறு மெல்பேர்னுக்கு மிக அருகில் வந்து வளையும் இடங்களில் ஒன்றாக அந்த ஊர் அமைந்திருந்ததும், 1864 இல் மெல்பேர்னிலிருந்து பெண்டிகோ வழியாக ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்ததுமே அதன் விதியைத் தீர்மானித்தன. கப்பல் கொண்டுவந்த கம்பளிப் பொதி கரையேறிய இடத்திலேயே ரயில் பெட்டிக்குள் போயிற்று; அங்கிருந்து மெல்பேர்ன் துறைமுகத்தின் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றது. அதே 1864ஆம் ஆண்டின் இறுதியில்தான் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு எமது முதலாவது ரயிலும் ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இங்கே பாதை போட்ட அதே பேரரசு, அதே காலத்தில், அங்கே கம்பளிக்காகப் பாதை போட்டது. இதனை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் எச்சூக்கா ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனது விருப்பம்.

இறங்குதுறையின் கட்டுமானம் 1865 இல் தொடங்கியது. அது முழுவதும் ரெட் கம் எனப்படும், ஆற்றோரங்களில் வளரும் ஒருவகை யூக்கலிப்டஸ் மரத்தால் ஆனது. நீரிலும் சேற்றிலும் நின்றாலும் எளிதில் உக்காத, கறையான் இலகுவில் அண்டாத மரம் அது. இறங்குதுறையைப் பல தளங்களாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையில் ஆற்றின் நீர்மட்டம் பல மீற்றர் ஏறி இறங்கியதால், எந்த மட்டத்தில் கப்பல் வந்து நின்றாலும் பொதிகளை இறக்குவதற்கு வசதியாகத் தளத்தின் மேல் தளமாக அமைத்தார்கள். மேல்தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி விடாதீர்கள். படிகளில் இறங்கி அந்தத் தூண்களின் காட்டுக்குள் நின்றால்தான் அதன் பிரமாண்டம் விளங்கும். இன்று எஞ்சியிருப்பது பழைய இறங்குதுறையின் ஒரு பகுதியே. ரயில் பாதைகள் ஏனைய ஆற்றங்கரை ஊர்களையும் எட்டியபோது கப்பல்களுக்கு வேலை குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், இறங்குதுறையின் ஒரு பகுதியைப் பிரித்து மெல்பேர்ன் மக்களுக்கு விறகாக அனுப்பினார்கள். எஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஊர்மக்கள் பின்னர் எழுந்ததால்தான் உங்களால் அதைப் பார்க்க முடிகிறது.

இறங்குதுறையை ஒட்டிய தெருவிலேயே, ஊரை நிறுவிய ஹென்றி ஹொப்வூட் கட்டிய பிரிட்ஜ் ஹோட்டல் இருக்கிறது. திருட்டுப் பட்டு வாங்கிய குற்றத்துக்காக 1834 இல் இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதி அவர். தண்டனைக் காலம் முடிந்த பின் இந்த ஆற்றோரத்துக்கு வந்து, மிதவைப் படகில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் அக்கரை சேர்த்துப் பொருள் ஈட்டி, ஓர் ஊரையே உருவாக்கினார். சற்றுத் தள்ளியுள்ள ஸ்டார் ஹோட்டலில் நிலத்தடி மதுச்சாலையும், பொலிஸார் வரும்போது குடிப்பவர்கள் தப்பி ஓடுவதற்கான சுரங்க வழியும் இருக்கின்றன. அதற்குக் கால் மணி நேரம் போதும். பழைய பொலிஸ் நிலையத்தில் ஊர் வரலாற்றுச் சங்கம் நடத்தும் அருங்காட்சியகத்துக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள். கப்பல் தலைவர்கள் பயன்படுத்திய, சுருள் சுருளாக நீண்ட ஆற்று வரைபடங்களின் பெறுமதி, பாடசாலையில் பல்லாண்டு கற்பித்த உங்களுக்கு உடனே புரியும்.

கேள்வி: பழைய கப்பல்கள் இன்னமும் ஓடுகின்றனவா, அல்லது சுற்றுலாவுக்காகச் செய்த மாதிரிகளா? எனது தாயாருக்கு முழங்கால் வலி. அவரால் ஏற முடியுமா?
– வாசகர் ஒருவர், தெகிவளை

பதில்: உண்மையான கப்பல்களே ஓடுகின்றன. அடிலெய்ட் என்ற கப்பல் 1866 இல் எச்சூக்காவிலேயே கட்டப்பட்டது. மர உடல் கொண்டு இன்றும் இயங்கும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களில் உலகிலேயே மிகப் பழையது என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். கம்பளிக் காலம் முடிந்த பிறகு, மரம் ஏற்றிய தட்டைப் படகுகளை இழுப்பதே அதன் வேலையாக இருந்தது. வெட்டிய ரெட் கம் மரம் தண்ணீரில் மிதக்காமல் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமானது; ஆகவே படகின் குறுக்கே நீண்ட கட்டைகளைப் பொருத்தி, அவற்றின் இருமுனைகளிலிருந்தும் மரங்களைச் சங்கிலியால் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகள் கரையில் ஒரு பூங்காவில் காட்சிப் பொருளாகக் கிடந்த அடிலெய்ட், மீண்டும் ஆற்றில் இறக்கப்பட்டு 1985 இல் சேவைக்குத் திரும்பியது. 1911 இலிருந்து கப்பலாக ஓடிய பெவென்சி, 1923 இல் கட்டப்பட்ட அலெக்சாண்டர் ஆர்புத்நொட், 1913 ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்பெரா ஆகியவையும் அங்கே இருக்கின்றன. எந்த நாளில் எது ஓடும் என்பது பராமரிப்பைப் பொறுத்தது என்பதால், புறப்படுமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். விறகு எரியும் கொதிகலனும் இயந்திரமும் கண்முன்னே இயங்குவதைப் பார்க்கக்கூடிய கப்பலையே தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன். அந்த வெப்பமும் எண்ணெய் மணமும் சேர்ந்ததே நீராவிக் கப்பல்.

தாயாரைப் பொறுத்தவரையில், ஏறுபலகையின் சரிவு அன்றைய நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே அவரது நிலையைச் சொல்லுங்கள். சரிவு குறைந்த இடத்திலிருந்து புறப்படும் கப்பலை அவர்களே காட்டுவார்கள். இறங்குதுறையின் கீழ்த்தளங்களுக்கு அவரை அழைத்துச் செல்லாமல், மேல்தளத்தில் நிழலான இடத்தில் அமரச் செய்வது நல்லது.

கேள்வி: ஆற்றின் ஒரு கரையில் எச்சூக்கா, மறுகரையில் மோவாமா. ஒரே ஊர்போலத் தெரியும் இவை வெவ்வேறு மாநிலங்களில் இருப்பதேன்? அக்கரையிலும் பார்ப்பதற்கு ஏதேனும் உண்டா?
– வாசகர் ஒருவர், முகத்துவாரம்

பதில்: விக்டோரியா 1851 இல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்ற நாடானபோது மறே ஆறு எல்லையாயிற்று. எல்லை ஆற்றின் நடுவே ஓடுவதாகப் பலரும் எண்ணுவர். உண்மையில் தென்கரை வரையில் ஆறு முழுவதுமே நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். விக்டோரியாக் கரையில் நின்று தூண்டில் போடுபவரும் இன்றைக்கும் நியூ சவுத் வேல்ஸின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருக்கிறது.

1901 இல் அவுஸ்திரேலியா ஒரே நாடாக இணையும் வரையில், ஆற்றைக் கடந்த சரக்குகளுக்கு வெளிநாட்டுப் பொருளுக்குப் போலவே சுங்கத் தீர்வை அறவிடப்பட்டது. ஒரு கரையில் விளைந்ததை மறுகரையில் விற்பதற்கு வரி கட்டிய எரிச்சல், இணைப்புக் கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது. மறே ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கொரோவா என்ற ஊரில் 1893 இல் நடந்த மாநாடுதான், அரசியலமைப்பை வரையும் பிரதிநிதிகளை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று முன்மொழிந்தது. எச்சூக்காவிலுள்ள பழைய சுங்கக் கட்டடத்தின் முன்னால் நிற்கும்போது இதை நினைவுகூருங்கள்.

1878 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் ரயிலுக்கும் வண்டிகளுக்கும் பொதுவாக இருந்தது. 2022 இல் திறந்த டுங்காலா பாலம் இப்போது வாகன நெரிசலைப் பகிர்ந்துகொள்கிறது. பழைய பாலத்தை நடந்தே கடந்து பாருங்கள். மோவாமாவில் கட்டடங்கள் குறைவுதான். ஆனால் இறங்குதுறை முழுவதையும் எதிர்க்கரையிலிருந்து ஒரே பார்வையில் காணலாம்.

கேள்வி: வரலாறு கற்கும் பல்கலைக்கழக மாணவி நான். அந்தப் பகுதியின் பூர்வகுடியினருக்கு இந்திய வம்சாவளி ஆசிரியர் ஒருவர் கல்வி புகட்டினார் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா? அவர் கற்பித்த இடத்தை இன்று பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: உண்மை. இம்முறை வந்த கடிதங்களில் எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது உங்களுடையதே. ஏனெனில் எச்சூக்காவுக்குச் சென்று கப்பலை மட்டும் பார்த்துத் திரும்புபவர்கள் அந்த ஆற்றின் வரலாற்றில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனது உறுதியான கருத்து.

அது யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நிலம். கம்பளிக் கப்பல்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் அந்த ஆற்றில் மீன்பிடித்து, ரெட் கம் மரத்தின் பட்டையை முழுதாக உரித்து ஓடங்கள் செய்து வாழ்ந்தவர்கள். குடியேற்றக்காரரும் ஆடுமாடுகளும் நோய்களும் வந்த சில பத்தாண்டுகளுக்குள் அவர்களது நிலமும் தொகையும் சுருங்கின. எச்சூக்காவில் கப்பல்களுக்குப் பொருட்கள் விற்ற வணிகரான டானியல் மத்தியூஸ், 1874 இல் மோவாமாவுக்குக் கிழக்கே, ஆற்றோரத்தில் மலோகா என்ற மிஷன் குடியிருப்பை ஏற்படுத்தினார். மொரீசியஸ் தீவில், இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் என்ற இளைஞர் 1881 இல் அங்கே வந்து சேர்ந்தார். பின்னர் மலோகாவிலிருந்து மக்கள் அதே நியூ சவுத் வேல்ஸ் கரையிலுள்ள கமரகஞ்சா என்ற குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் அவர்களுடன் சென்று, நாற்பது ஆண்டுகளளவில் அம்மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அந்தச் சமூகத்துப் பெண்ணையே மணந்து, அவர்களில் ஒருவராகவே வாழ்ந்தார்.

பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்விக்கு மேல் எதுவும் தேவையில்லை என்று அரசாங்கம் கருதிய காலம் அது. ஜேம்ஸ் அவர்களுக்கு வாசிக்கவும் எழுதவும் மேடையில் பேசவும் மனு வரையவும் பயிற்சியளித்தார். அவரது மாணவர்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்த வகுப்பறையின் பெறுமதி தெரியும். அவரது மைத்துனரான வில்லியம் கூப்பர் வளர்ந்த பிறகே அவரிடம் எழுத்தறிவு பெற்றார். பின்னாளில் பூர்வகுடியினருக்குப் பாராளுமன்றப் பிரதிநிதித்துவம் கேட்டு, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு 1,814 பேரின் கையொப்பங்களுடன் மனுவொன்றைத் திரட்டியவர் அவர். அவுஸ்திரேலிய அரசாங்கம் அதை மன்னருக்கு அனுப்பாமலே விட்டது. ஜேர்மனியில் யூதர்கள் மீது நடத்தப்பட்ட வன்செயலைக் கண்டித்து, 1938 டிசம்பரில் மெல்பேர்னிலுள்ள ஜேர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகச் சென்றவரும் அவரே. தமது சொந்த நாட்டிலேயே உரிமை மறுக்கப்பட்ட மனிதர், கடல் கடந்த இன்னொரு மக்களுக்காக வீதியில் இறங்கினார்! அதே கமரகஞ்சாவில் 1906 இல் பிறந்த டக் நிக்கொல்ஸ் புகழ்பெற்ற காற்பந்து வீரராகவும் மதபோதகராகவும் விளங்கி, 1976 இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். அவுஸ்திரேலிய மாநிலமொன்றின் ஆளுநரான முதலாவது பூர்வகுடி மனிதர் அவர்.

கமரகஞ்சாவில் வசித்தவர்கள் தாமே காடு வெட்டி விளைவித்த காணித் துண்டுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் திரும்பப் பறித்தனர். உணவுப் பங்கீடு போதாமை, நோய், முகாமையாளரின் கொடுமை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் ஆகியன ஒன்றுசேர, 1939 பெப்ரவரி 4ஆம் திகதி ஏறத்தாழ இருநூறு பேர் குடியிருப்பைத் துறந்து, மறே ஆற்றைக் கடந்து விக்டோரியாக் கரையில் பார்மாவில் முகாமிட்டார்கள். அவுஸ்திரேலியப் பூர்வகுடியினர் பெருந்திரளாக நடத்திய முதல் எதிர்ப்புப் போராட்டங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஆறு ஒரு சுங்க எல்லையாக இருக்கவில்லை. தங்களை ஒடுக்கிய சட்டத்தின் எல்லையாக இருந்தது.

இனி உங்களது இரண்டாவது கேள்வி. கமரகஞ்சா இன்றும் மக்கள் வாழும் ஊர். வில்லியம் கூப்பரும் டக் நிக்கொல்ஸும் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எனவே அதைச் சுற்றுலாத் தலமாக எண்ணி முன்னறிவித்தலின்றி நுழைவது முறையல்ல. அங்குள்ள பூர்வகுடி நிலச் சபையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அனுமதி கிடைக்காவிடில் மனம் தளராமல், எச்சூக்காவிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ள பார்மாவுக்குச் செல்லுங்கள். அங்கே விக்டோரியாக் கரையில் நின்று, எதிர்க்கரையிலிருந்து அந்த மக்கள் கடந்துவந்த ஆற்றைப் பார்க்கலாம். பார்மா தேசியப் பூங்கா, மறுகரையிலுள்ள மில்லேவா காட்டுடன் சேர்ந்து, உலகிலேயே மிகப் பெரிய ரெட் கம் காடாகும். பட்டை உரித்த வடு மாறாத முதிய மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றைத் தொடாமல், விலகி நின்று பாருங்கள். மெல்பேர்னுக்குத் திரும்பிய பின், பாராளுமன்றக் கட்டடத்தை ஒட்டிய பூங்காவில் டக் நிக்கொல்ஸுக்கும் அவரது மனைவி கிளாடிஸுக்கும் எழுப்பப்பட்டுள்ள சிலையையும் காணத் தவறாதீர்கள். தோமஸ் ஜேம்ஸைப் பற்றி உங்கள் பட்டப்படிப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத முடியுமானால், அதை வாசிக்க நாங்கள் ஆவலாக இருக்கிறோம்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது? வாகனம் இல்லாமல் போக முடியுமா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: செப்டெம்பர் முதல் நொவெம்பர் வரையிலான வசந்தமும், மார்ச் முதல் மே வரையிலான இலையுதிர் காலமும் உகந்தவை. ஜனவரி வெயில் சில நாட்களில் 40 பாகையைத் தாண்டும். கொழும்பின் ஈரப்பதம் அங்கே இல்லாததால் வியர்வை தெரியாது, ஆனால் உடல் விரைவில் நீரிழக்கும். உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் விடுதிகள் நிரம்பிவிடும். மெல்பேர்னின் சதர்ன் குரொஸ் நிலையத்திலிருந்து பெண்டிகோ வழியாக ரயிலில் போகலாம். சில சேவைகளில் பெண்டிகோவில் பஸ்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். ஊருக்குள் எல்லாம் நடை தூரம்தான். பார்மாவுக்கு மட்டும் வாகனம் அவசியம். அங்கும் எம்மைப் போலவே இடப்பக்கமாக ஓட்டுவார்கள். ஆயினும் மாலை மங்கியபின் காட்டுத் தெருக்களில் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: வழியில் பெண்டிகோவில் இறங்குவது பயனுள்ளதா? மேலும், 2022 வெள்ளத்தில் எச்சூக்கா அழிந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்களே?
– வாசகி ஒருவர், கொழும்பு 13

பதில்: பெண்டிகோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1851 இல் பொன் கண்டெடுக்கப்பட்ட பின் உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்ட ஊர் அது. சீனத் தொழிலாளர்களின் நினைவைப் பேணும் கோல்டன் டிராகன் அருங்காட்சியகமும், எமு பொயின்ட் என்ற இடத்தில் அவர்கள் கட்டிய சிவப்பு வண்ண வழிபாட்டு இல்லமும், நிலத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்கக்கூடிய சென்ட்ரல் டெபோரா சுரங்கமும் அங்கே உள்ளன. நேரம் குறைவென்றால் சுரங்கத்தை விட்டுவிட்டு, வழிபாட்டு இல்லத்துக்குப் போங்கள். குடிபெயர்ந்து உழைத்தவர்களின் நம்பிக்கையை அங்கே காணலாம்.

எச்சூக்கா அழியவில்லை. 2022 ஒக்டோபரில் மறே, கம்பாஸ்பி, கோல்பர்ன் ஆகிய ஆறுகள் ஒருசேரப் பெருகியபோது, ஊரின் நடுவே அவசரமாக மண் அணையொன்று எழுப்பப்பட்டது. அதனால் ஊரின் பெரும்பகுதி தப்பியது. அணைக்கு வெளியே அகப்பட்ட வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும் துயரடைந்தன. இறங்குதுறை நீரில் நின்று, நீர் வடிந்தபின் மீண்டும் பார்வையாளருக்குத் திறந்தது. கப்பல்களும் திரும்பவும் ஓடுகின்றன.